வலப்பக்கம் விலகும் வண்டி: டிராக் பந்தயக் காருக்குப் பின்புற ஆன்டி ரோல் பார் பொருத்துதல்

காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர் பழைய கான்டெசா கார் ஒன்றில் என்ஜினை மாற்றி, நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்காகத் தயார் செய்து வருகிறார். பின்புறம் ஒரே ஹவுசிங்காக, அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் கூடாக, அமைந்த அச்சு. அதைக் காயில் ஸ்பிரிங்குகளும் நான்கு இணைப்புக் கைகளும் தாங்குகின்றன. இரண்டு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும்படி கிரௌனை, அதாவது டிஃபரன்ஷியலை, பூட்டியிருக்கிறார். கிளட்சை விட்ட கணத்தில் முன் இடது மூலை எழும்புகிறது, பின் வலது மூலை அமர்கிறது, வண்டி வலப்பக்கம் விலகுகிறது என்று எழுதியுள்ளார். ஆன்டி ரோல் பார் என்பது உடற்கூட்டுக்குக் குறுக்கே படுத்து, இரு முனைக் கைகளாலும் இணைப்புத் தண்டுகளாலும் அச்சோடு சேரும் முறுக்குக் கம்பி. வெளிநாட்டுப் பார் ஒன்றை வரவழைப்பதா, ஓசூரிலேயே செய்துகொள்வதா, அதை எப்படிப் பொருத்துவது, எவ்வளவு முன்னழுத்தம் (வண்டி நிற்கும்போதே பாரில் ஏற்றிவைக்கும் முறுக்கு) வைப்பது என்பவை அவர் கேள்விகள். ஓசூரில் எந்திர வேலை செய்து பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை அவரிடமே பேசுவதுபோலச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பார் எதற்காக என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி என்றே பலரும் இதை அறிந்திருப்பதால், நேர்கோட்டில் மட்டுமே ஓடும் டிராக் காருக்கு இது ஏன் என்று கேட்கிறார்கள்; வேறு சிலர், புறப்படும்போது பின்பக்கம் அமர்வதை இது தடுக்கும் என்று நம்புகிறார்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஒரே அளவு மேலேறினால் பார் முறுக்கப்படுவதே இல்லை, வெறுமனே சுழலும்; ஆகவே அமர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் வேலை வேறு.

வழக்கமான பின்சக்கர இயக்க வண்டியில், பின்னாலிருந்து பார்த்தால், கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. அது அச்சின் உள்ளே உள்ள சிறு பற்சக்கரமான பினியனைத் திருக முயலும்போது ஹவுசிங் முழுவதையும் அதே திசையில் திருகுகிறது. அதனால் இடது சக்கரம் தரையில் அழுந்துகிறது, வலது சக்கரம் இலேசாகிறது. அதே திருகுவிசை எதிர்த்திசையில் என்ஜின், கியர்பெட்டி வழியாக உடற்கூட்டுக்குப் போய்ச் சேர்வதால், உடற்கூடு வலப்பக்கம் சாய்கிறது. உங்கள் வண்டியில் இடது முன் மூலை எழுவதும் வலது பின் மூலை அமர்வதும் இதுதான். வலது மூலை அமர்கிறதே, அந்தச் சக்கரத்தில்தானே பாரம் கூடியிருக்க வேண்டும் என்று கண் சொல்லும். உண்மையில் அங்குப் பாரம் குறைந்திருக்கிறது. உடற்கூடு சாய்ந்து வலது பின் ஸ்பிரிங்கை அமுக்கும்போது அந்த அளவுக்கு வலது சக்கரத்துக்குப் பாரம் திரும்பி வருகிறது என்றாலும், ஷாஃப்ட் பறித்துக்கொண்டதை ஈடுசெய்ய அது போதுவதில்லை. உடற்கூட்டின் சாய்வை முன்புற ஸ்பிரிங்குகளும் பின்புற ஸ்பிரிங்குகளும் பங்கிட்டுத் தாங்குகின்றன. பின்புறம் தாங்கும் பங்கு மட்டுமே ஹவுசிங்குக்குத் திரும்பி வந்து கணக்கைத் தீர்க்கிறது. முன்புறம் தாங்கிய பங்கு, பின் சக்கரங்களுக்கு இடையே பார வேறுபாடாகவே நின்றுவிடுகிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். என்ஜின் 300 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகிறது, முதல் கியர் விகிதம் 3.5 என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்டில் 1,050 நியூட்டன் மீட்டர் இருக்கும். பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1.35 மீட்டர். முன்புறப் பார் கழற்றப்பட்டிருக்க, சாய்வை எதிர்க்கும் விறைப்பு ஒரு டிகிரிக்கு முன்னால் 314, பின்னால் 175 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். சாதாரணமான காயில் ஸ்பிரிங்குகளுக்கு இது பொருந்தக்கூடிய அளவே. அப்போது உடற்கூடு இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாயும். இடது பின் சக்கரத்தில் ஏறத்தாழ 50 கிலோ கூடும், வலதில் 50 கிலோ குறையும். ஆக, இரண்டுக்கும் வேறுபாடு 100 கிலோ. இதே வண்டியில் பின்புறம் 32 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. நீளமும் உள்ள திடமான எஃகுப் பாரை, 250 மி.மீ. நீளக் கைகளுடன், இணைப்புத் தண்டுகள் 900 மி.மீ. இடைவெளியில் இருக்குமாறு பொருத்தினால், அந்தப் பார் ஒன்றே ஒரு டிகிரிக்குச் சுமார் 2,000 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பைத் தரும். சாய்வு அரை டிகிரிக்கும் கீழே போய்விடும். சக்கரத்தின் பார மாற்றம் 50 கிலோவிலிருந்து 10 கிலோவாக இறங்கிவிடும். பார் புதிதாகப் பிடிமானம் எதையும் உண்டாக்குவதில்லை. உடற்கூட்டுக்குப் போன திருகுவிசையை, முன்பக்கம் சிதறவிடாமல், கிளம்பிய இடமான ஹவுசிங்குக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்காகத்தான் அது மிக விறைப்பாக இருக்க வேண்டும், இதே காரணத்தால்தான் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டியில் முன்புறப் பாரைக் கழற்றிவிடுகிறார்கள்.

இதிலிருந்தே யாருக்கு இது தேவையில்லை என்பதும் விளங்கும். பின் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்கும் அமைப்பில் டிஃபரன்ஷியல் உடற்கூட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இந்தத் திருகல் சக்கரங்களைத் தொடுவதில்லை. முன்சக்கர இயக்க வண்டிக்குப் பின்புறப் பார் புறப்பாட்டில் இந்த உதவியைச் செய்யாது. அம்பாசடர், பொலிரோ போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் அச்சே உருண்டு பட்டை ஸ்பிரிங் எஸ் வடிவில் நெளிவதுதான் முதல் நோய். அதைச் சரிசெய்யாமல் பாருக்குச் செலவழிப்பது வீண்.

இனி, வாங்குவதா செய்வதா என்ற கேள்வி. டிராக் காருக்கென விற்கப்படும் தொகுப்புகளில் பெரும்பாலும் ஒரு குழாய், அதனுள் சுழலும், இருமுனையிலும் ஸ்ப்ளைன் (கையைக் கவ்விப் பிடிக்க நெடுக வெட்டிய பற்கள்) கொண்ட பார், இரண்டு கைகள், இடது மறையும் வலது மறையும் வெட்டிய இரண்டு இணைப்புத் தண்டுகள், ராட் எண்டுகள் (தண்டு முனையில் வரும் குண்டு மூட்டுகள்), வெல்டிங் செய்ய வேண்டிய தகடுகள் ஆகியவை இருக்கும். கான்டெசாவுக்கென்று யாரும் தயாரித்து விற்பதை நான் பார்த்ததில்லை. எந்தத் தொகுப்பை வாங்கினாலும் தகடுகளை நீங்கள்தான் வெட்டிச் சேர்க்க வேண்டும். அப்படியிருக்க, ஸ்ப்ளைன் வெட்டித் தரும் பட்டறைகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஓசூரில் செய்துகொள்வதே என் தெரிவு. ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

உயர்ந்த எஃகில் செய்தால் பார் அதிக விறைப்பாக இருக்கும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது தவறு. மென்மையான மைல்ட் ஸ்டீலுக்கும் இ.என். 24 என்ற உயர்ந்த கலப்பு எஃகுக்கும் முறுக்கு விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது, எவ்வளவு முறுக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்ற எல்லை மட்டுமே. மென்மையான எஃகுப் பார் ஒருமுறை அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் நிரந்தரமாக நெளிந்துவிடும். அன்றிலிருந்து, நீங்கள் வைக்காத ஒரு முன்னழுத்தம் வண்டியில் குடியேறிவிடும். விறைப்பு வேண்டுமென்றால் விட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுவதால், 25 மி.மீ. பாரை 28 மி.மீ. ஆக்கினாலே ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். கையின் நீளத்தைக் குறைத்தாலும் விறைப்பு கூடும். நீளம் பாதியானால் விறைப்பு நான்கு மடங்கு. பாரின் நடுவில், விட்டத்தில் பாதியளவுக்குத் துளையிட்டு எடுத்தால் எடையில் கால் பங்கு குறையும், விறைப்பில் நூற்றுக்கு ஆறு அளவே குறையும். வெளிநாட்டில் உள்ளீடற்ற பார்களை விரும்புவது இதனால்தான்.

கைகளைப் பாரோடு நேரடியாக வெல்டிங் செய்யக் கூடாது. பதப்படுத்திய எஃகில் வெல்டிங்கின் ஓரம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். பார் முறிந்தால் பெரும்பாலும் அங்கேதான் முறியும். ஸ்ப்ளைன் வெட்டி, பிளந்த கையைப் போல்ட் போட்டு இறுக்குவதே சரி. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் லாரி ஆக்ஸில் ஷாஃப்டைப் பாராக மாற்றுவோரும் உண்டு. நல்ல எஃகுதான், சந்தேகமில்லை. ஆனால் அது எத்தனை முறை பாரமேற்றிய லாரியைத் தொப்பூர்க் கணவாயில் ஏற்றியது, அதன் உள்ளே எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் நான் அதைத் தொடமாட்டேன்.

வேலையைத் தொடங்குமுன் வண்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கிரௌனைப் பூட்டியிருப்பதால், இடது டயரின் சுற்றளவு வலதைவிட அதிகமாக இருந்தாலே வண்டி வலப்பக்கம் போகும். எந்தப் பாராலும் அதைத் திருத்த முடியாது. இரண்டிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, டேப் சுற்றி அளந்து, வேறுபாட்டைச் சரிசெய்யுங்கள். பின்னச்சு செங்கோணமாக அமர்ந்திருக்கிறதா என்று, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி குறித்து, முன் சக்கர மையத்திலிருந்து இருபக்கத் தூரத்தையும் ஒப்பிடுங்கள். இணைப்புக் கைகளின் புஷ்கள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றிவிட்டே மேலே செல்லுங்கள்.

பாரை வைக்கும் இடத்தைத் தீர்மானிக்க நிறைய நேரம் ஒதுக்குங்கள். குழாயை உடற்கூட்டின் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்காக அச்சுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். பெட்ரோல் டேங்க் இடிக்கும் என்றால் அச்சுக்கு முன்னால் வைக்கலாம். வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது கைகள் தரைக்கு இணையாகவும், இணைப்புத் தண்டுகள் கைகளுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். தண்டுகளின் கீழ் முனைகள், ஹவுசிங்கில் எவ்வளவு வெளிப்புறமாக வைக்க முடியுமோ அவ்வளவு வெளிப்புறமாக, பிரேக் தட்டையும் ஷாக் அப்சார்பரையும் தொடாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்திக்கொண்டு, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஹவுசிங்கை ஜாக்கியால் மேல் எல்லை முதல் கீழ் எல்லை வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள்; பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நான்கு கை அமைப்புகளில் புறப்படும்போது பின் உடற்கூடு அமர்வதற்குப் பதிலாக எழும்பவும் கூடும்; ஆகவே கீழ் எல்லையில் கை சைலன்சர் குழாயையோ பிரேக் ஹோஸையோ தொடுகிறதா என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். இந்தச் சோதனைகளின்போது உடற்கூடு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டாதீர்கள்.

கான்டெசாவுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்துச் செய்த சட்டங்களே உள்ளன. மேற்சொன்ன கணக்கின்படி இணைப்புத் தண்டில் வரும் விசை சுமார் 100 கிலோ. கிளட்சைச் சட்டென்று விடும் உதையில் அது இரு மடங்காகவும் கூடும். மெல்லிய தகட்டின் மேல் குழாயை நேரே வெல்டிங் செய்தால் தகடு கிழியும், அல்லது ஒவ்வொரு புறப்பாட்டிலும் நெளிந்து கொடுத்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறைப்பை விழுங்கிவிடும். மூன்று மி.மீ. தகட்டை ஒரு சாண் நீளத்துக்காவது சட்டத்தின் மேல் விரித்து, ஓரங்களை வெல்டிங் செய்து, அதன் மேல் குழாயின் தாங்கியை வையுங்கள். இரண்டு சட்டங்களையும் குழாயே குறுக்காக இணைத்தால் இன்னும் நல்லது.

ஹவுசிங்கில் வெல்டிங் செய்வதுதான் இந்த வேலையில் எனக்கு எப்போதும் அச்சம் தரும் பகுதி. ஒரே பக்கத்தில் நீளமாக வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது அச்சுக் குழாய் அந்தப் பக்கம் வளைந்துவிடும், ஒரு மி.மீ. வளைந்தாலும் பேரிங்கும் ஆயில் சீலும் விரைவில் போய்விடும். ஓர் அங்குலம் இடப்பக்கம், ஆறவிட்டு ஓர் அங்குலம் வலப்பக்கம், பிறகு மேலே, பிறகு கீழே என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் சீல்களையும் முன்னதாகவே கழற்றிவிடுங்கள். வெல்டருக்கு இதில் பழக்கமில்லை என்று தோன்றினால், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு துண்டுக் கிளாம்புகளை லேத்தில் செய்து போல்ட் போடுவது பாதுகாப்பானது. வெல்டிங்குக்கு முன் பாட்டரி இணைப்பையும் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து இறக்கித் தொலைவில் வையுங்கள்; ‘காலிதான்’ என்று சொல்லும் டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும்.

குழாய் முழுமையாக வெல்டிங் ஆனபின் பாரை உள்ளே செருகி, கைகளை மாட்டாமல், இரண்டு விரல்களால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். வெப்பத்தில் தாங்கிகள் கோணியிருந்தால் பார் பிடிக்கும். பிடிக்கும் பாரானது ஒவ்வொரு புறப்பாட்டிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும், பின்னர் எந்தச் சீரமைப்பும் நிலைக்காது. புஷ்களைத் துருவியோ தாங்கியை வெட்டி மறுபடி வைத்தோ இதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த படி. ராட் எண்டுகளை ஒற்றைத் தகட்டில் தொங்கவிடாமல், இரு தகடுகளுக்கு இடையே வைத்துப் போல்ட் இடுங்கள். அவற்றின் மறை, தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்கட்டும்.

முன்னழுத்தம் பற்றிய கேள்விக்கு என் பதில் சுழியம். தொடக்கத்தில் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் அந்தச் சுழியத்தை அடைவதற்கு முறை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வண்டியை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, அச்சு தொங்கிய நிலையில் இரண்டு தண்டுகளையும் இறுக்கிவிட்டு, கீழே இறக்கிய பிறகு எடை பார்த்தேன். பின் சக்கரங்களுக்கு இடையே முன்பு இல்லாத பெரிய வேறுபாடு புதிதாக முளைத்திருந்தது. வண்டி தன் சக்கரங்களில், சமதளத்தில் நிற்க வேண்டும். பந்தயத்தன்று உள்ள அளவு பெட்ரோல் இருக்க வேண்டும். ஓட்டுநர் தன் தலைக்கவசத்தோடு இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும், அல்லது அதே எடைக்கு அரிசி மூட்டை வைக்கலாம். வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஸ்பிரிங்குகளை இயல்பாக அமரவிட்டு, ஒரு பக்கத் தண்டை முதலில் மாட்டுங்கள். மறுபக்கத் தண்டின் நீளத்தை, அதன் போல்ட் சுத்தியல் தட்டாமல் கைவிரலால் தள்ளினாலே உள்ளே போகும்வரை திருத்துங்கள். அதுதான் சுழியம். பிறகு பூட்டு நட்டுகளை இறுக்குங்கள்.

இதை எடையால் சரிபார்க்க, விலை உயர்ந்த பந்தயத் தராசுகள் தேவையில்லை. நம் மாவட்டத்து மாங்காய் மண்டிகளில் உள்ள 500 கிலோ மின்னணுத் தராசுகளில் ஒரே மாதிரியான நான்கு கிடைத்தால் போதும். மாம்பருவம் முடிந்த பிறகு கேட்டால் மண்டிக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். கொத்தனாரின் டியூப் லெவலால் நான்கின் மேற்பரப்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து வண்டியை ஏற்றுங்கள். கடைசித் தண்டை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளவுகள் ஓரிரு கிலோவுக்கு மேல் மாறக் கூடாது. லாரி எடைமேடையில் இந்த நுண்மை கிடைக்காது.

அமெரிக்கக் காணொளிகளில் காட்டும் முன்னழுத்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். அவர் எடை ஏற்கெனவே அழுந்தும் இடது சக்கரத்தின் மேலேயே சேர்கிறது. நம் ஓட்டுநர் வலப்பக்கம், அதாவது பாரம் இழக்கும் பக்கத்தில் அமர்வதால் நமக்கு அது இலவசமாகக் கிடைத்த ஈடு. பாட்டரியையும் பின்பெட்டியின் வலது மூலைக்கு மாற்றிவிட்டால், கணக்கில் எஞ்சிய அந்த 10 கிலோவில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சோதனை ஓட்டத்தை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலோ அதன் சேவைச் சாலையிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். பொதுச் சாலையில் வேகப் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம், அதற்கும் மேலாக எதிரே வருபவர் இதற்கு ஒப்புக்கொண்டவர் அல்லர். முன்புறப் பார் இல்லாமல், பின்புறம் இவ்வளவு விறைப்பாக உள்ள வண்டி, வளைவில் பின்பக்கத்தை வெளியே வீசும். அதைச் சேலம் போகத் தொப்பூர் இறக்கத்தில் ஓட்டிச் செல்ல நினைக்காமல், பந்தயக் களத்துக்கு லாரியில் ஏற்றியே கொண்டுபோங்கள்.

களத்தில் முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டர் கடக்கும் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்; 402 மீட்டர் முழுவதும் ஓட வேண்டியதில்லை. பின்னாலிருந்து கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கச் சொல்லி, பம்பர் சாய்கிறதா என்று பாருங்கள். தரையில் விழுந்த இரண்டு கருங்கோடுகளும் ஒரே அழுத்தத்தில் தொடங்குகின்றனவா என்பது காணொளியைவிட நம்பத்தக்க சாட்சி. மூன்று ஓட்டங்களிலும் வண்டி ஒரே மாதிரி வலப்பக்கம் விலகினால் மட்டும், வலது டயரை அழுத்தும் திசையில் ஒரு தண்டைத் திருத்தலாம். பதினாறு மி.மீ. விட்டமும் ஒன்றரை மி.மீ. மறையும் உள்ள தண்டில் ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் 3 மி.மீ. மாறும், மேலே கணக்கிட்ட வண்டியில் அது சக்கரத்துக்கு ஏறக்குறைய நான்கு கிலோ. ஆகவே அரைச் சுற்று, ஓர் ஓட்டம், மறுபடி அரைச் சுற்று என்று போங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் பாரில் தேடாதீர்கள். டயர் சுற்றளவு, ஷாக் அப்சார்பர், இணைப்புக் கைகளின் நீளம் ஆகியவற்றில் எங்கோ இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். முதல் பத்துப் புறப்பாடுகளுக்குப் பிறகு பூட்டு நட்டுகளை மீண்டும் இறுக்கி, சட்டத்துத் தகட்டின் வெல்டிங் ஓரங்களில் விரிசல் சோதனைச் சாயம் தெளித்துப் பாருங்கள்; பெயிண்ட் அடிப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.